கூட்டினால் எட்டு

இலுப்பூரிலிருந்து வந்த பேருந்து அன்னவாசலில் நின்றது. எல்லோரும் முண்டியடித்து ஏறினார்கள். ஐயனார் மட்டும் ஏறவில்லை. பேருந்தின் எண்ணை ஒருமுறை பார்த்தார், உதடு லேசாக அசைந்தது, இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டார். நடத்துநருக்கு இது பழகிப்போன விஷயம். "என்னண்ணே, நம்ம வண்டி இன்னைக்கும் எட்டுத்தானா?" என்று படியில் தொங்கியபடி கேட்டார். "நாளைக்கும் எட்டுத்தான். நீ கெளம்பு, நா பின்னாடி வண்டில வாரேன்" என்றார் ஐயனார். பின்னால் வருகிற வண்டி எப்போது வரும் என்று அவருக்கும் தெரியாது, நடத்துநருக்கும் தெரியாது. ஆனால் அதன் கூட்டுத்தொகை ஆறு. நின்றுகொண்டே இருந்தார்.

ஐயனார் அன்னவாசலில் 'வெற்றி டிரைவிங் ஸ்கூல்' நடத்துகிறவர். பள்ளிக்கூடம் என்று பெயர்தானே தவிர, இருப்பது ஒரு பழைய வெள்ளை மாருதி கார், ஒரு பெயர்ப்பலகை, ஐயனார், அவ்வளவுதான். ஊரில் பாதிப் பேர் அவரிடம்தான் கிளட்ச் மிதிக்கக் கற்றுக்கொண்டார்கள். மீதிப் பேர் அவரிடம் வருவது வேறு காரியத்துக்கு. புது வண்டி வாங்குகிற யாரும் எண்ணை முடிவு செய்வதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இருக்க மாட்டார்கள். அவரும் கண்ணை மூடிக் கூட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வார். "எது வேணாலும் எடு. எட்டு மட்டும் வேணாம்ப்பா. எட்டு வந்துச்சுன்னா வண்டி ஒர்க்‌ஷாப்புல நிக்கும், நீ ஆஸ்பத்திரில கெடப்பே."

வண்டியோடு நிற்கிற ஆளா அவர்? கேஸ் சிலிண்டரின் கழுத்தில் இருக்கும் எண்ணைக் கூட்டிப் பார்த்து, எட்டு வந்தால் வேறு சிலிண்டர் கேட்பார். மாப்பிள்ளை விக்ரம் தன் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயரில் ஓர் ஆங்கில எழுத்து கூடுதலாக விழுந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அச்சகத்தார் செய்த தவறு என்று எண்ணிப் பெருந்தன்மையோடு விட்டுவிட்டார். இப்போது மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். இன்னமும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு பழக்கமும் ஐயனாருக்கு உண்டு. ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் உட்காரும் ஆசிரியருக்கென்று ஒரு பிரேக் தனியாக இருக்கும். வருஷக்கணக்கில் அதை மிதித்து மிதித்து, பயம் வந்தால் வலது கால் தானாகவே தரையை அழுத்தும். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவன் சாம்பார் வாளியோடு ஓடிவந்தால் அழுத்தும். டாக்டர் ஊசியை எடுத்தால் அழுத்தும். பேத்திக்கு இதில் ஒரே கொண்டாட்டம். தவழ்ந்து வந்து அந்தக் காலின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள், எப்போது அழுத்துவார் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

பேத்தி வந்ததிலிருந்துதான் இந்தக் கதை ஆரம்பமாகிறது. மகள் அருணா சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலை பார்த்தவள். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் கோப்புகளைப் படித்து, இன்ன நோய்க்கு இன்ன எண் என்று போட்டுக்கொடுக்கிற வேலை. நோய்க்கெல்லாம் எண் உண்டு என்று தெரிந்த நாளில் ஐயனாருக்குச் சோறு இறங்கவில்லை. சளிக்கு என்ன எண் என்று கேட்டார். ஓர் எழுத்தும் இரண்டு சைபரும் என்றாள் மகள். "அதான பாத்தேன். கூட்டுத்தொகை சைபரு. அதான் தானா வருது, தானா போகுது" என்று தலையை ஆட்டிக்கொண்டார்.

பிரசவத்துக்கு வந்தவளை, வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று கம்பெனி விட்டுவைத்திருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை. நெட் அறுந்துகொண்டே இருந்தால் சென்னைக்கே வந்துவிட வேண்டும். குழந்தையை அங்கே ஏதாவது காப்பகத்தில் காலையில் விட்டுச் சாயங்காலம் தூக்கிக்கொள்ள வேண்டும். மேலதிகாரி அம்மாள் இதைப் போனில் சொன்னபோது ஐயனார் கூடத்தில்தான் இருந்தார். வலது கால் தரையை அழுத்தியபடியே வெகுநேரம் நின்றது. அந்தப் பிள்ளை போய்விட்டால் வீடு என்ன ஆகும் என்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நெட் அப்போது உண்மையாகவே அறுந்துகொண்டுதான் இருந்தது. பார்க்க வந்தவர் அடைக்கலராஜ். ஆவூர்க்காரர், சுற்றுவட்டாரத்தில் பிராட்பேண்ட் இணைப்புக் கொடுக்கிறவர், தோளில் ஏணியும் கழுத்தில் ஜெபமாலையுமாக அலைகிறவர். தெருமுனைப் புங்க மரத்தில் அணில் கேபிளைக் கடித்து வைத்திருந்ததைக் கண்டுபிடித்து, ஒட்டுப்போட்டுச் சரிசெய்தார். அதோடு ஏணியை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. மோரைக் குடித்துக்கொண்டே, நெட் எப்படி வேலை செய்கிறது என்று ஐயனாருக்கு விளக்கப் புகுந்தார்.

"இந்தா, வெளக்கு மினுக்குதுல்லண்ணே, இந்த மோடம், இதுதான் வீட்டுல இருக்குற ஒவ்வொரு போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரு நம்பர் குடுக்கும். வண்டி நம்பர் மாதிரின்னு வச்சுக்கங்களேன். நம்பர் இருந்தாத்தான் வண்டி ரோட்டுல ஓட முடியும்."

அடைக்கலராஜ் இந்த உவமையை நூறு வீடுகளில் சொல்லியிருப்பார். நூறு வீட்டிலும் தலையாட்டியதோடு விட்டுவிட்டார்கள். இங்கே ஐயனார் எழுந்து நின்றார். "எம்மவ கம்ப்யூட்டருக்கு என்ன நம்பரு?"

திறந்து காட்டினார். 192.168.1.7. ஐயனாரின் உதடு அசைந்தது. கூட்டினால் முப்பத்தைந்து. மூன்றும் ஐந்தும் எட்டு.

"எட்டுல ஓடிக்கிட்டு இருக்குதேய்யா!" என்று அவர் போட்ட சத்தத்தில் உள்ளே குழந்தை விழித்துக்கொண்டது. அணில் கடித்ததுதான் காரணம் என்று அடைக்கலராஜ் எவ்வளவோ சொன்னார். "தெருவுல எத்தன ஒயரு போகுது, நம்ம ஒயர மட்டும் ஏன் கடிச்சுச்சு?" என்று ஐயனார் திருப்பிக் கேட்டார்.

கடைசி எண்ணை மட்டும்தான் மாற்ற முடியும் என்றார் அடைக்கலராஜ். ஐயனார் வாசலில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். கடைசியில் எட்டைப் போட்டால் மொத்தம் ஒன்பது வருகிறது. ஒன்பதைப் போல ராஜ எண் உண்டா? ஆனால் அந்த ஒன்பதுக்காக வாலில் எட்டைக் கட்டிக்கொண்டு திரிய வேண்டும். வேறு எண்ணை வைத்துப் பார்த்தார். எதை வைத்தாலும் ஒன்பது வேண்டுமென்றால் எட்டு எங்கேயாவது ஒளிந்துகொண்டு வந்துவிடுகிறது. கடைசியில் பதினேழு என்று முடிவு செய்தார். ஒன்றும் ஏழும் எட்டுதானே என்று மனைவி செவந்தி எடுத்துக்கொடுத்தாள். "அது உள்ளடங்கின எட்டு. வெளிய தெரியாது" என்றார். அடைக்கலராஜ் தப்பித்தால் போதும் என்று மகளின் கம்ப்யூட்டரில் பதினேழை நிரந்தரமாகப் போட்டுக்கொடுத்துவிட்டு ஏணியைத் தூக்கினார்.

அவர் போன பிறகு ஐயனார் தன் போனை எடுத்தார். அடைக்கலராஜின் விரல் எங்கெங்கே போயிற்று என்று பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தார்? அதே இடங்களைத் தடவித் தடவிக் கண்டுபிடித்துத் தன் போனிலும் அதே பதினேழைப் போட்டுக்கொண்டார். நல்ல எண்ணை மகளுக்கு மட்டும் கொடுத்துவிட்டுத் தான் ஏதோ ஒரு எண்ணில் இருப்பானேன்? அப்பனும் மகளும் ஒரே எண்ணில் இருக்கட்டும் என்று அவருக்குத் தோன்றியது. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக் கூச்சமாக இருந்தது.

மறுநாள் காலையில் டிரைவிங் வகுப்பு முடித்து வீட்டுக்குள் நுழைந்தார். உள்ளேயிருந்து அருணா, "போச்சு!" என்றாள். வெளியே போனார், நெட் வந்தது. மத்தியானம் சாப்பிட வந்தார், போயிற்று. திரையின் மூலையில் ஏதோ ஒரு குறிப்பு வந்து நின்றது. அதை வாசிக்க அருணாவுக்கு ஏது நேரம்? தட்டி மூடிவிட்டு, அறுந்த வேலையை மறுபடி பிடிக்க அடித்துப்பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் இதைக் கவனித்த செவந்திதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏங்க, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. நீங்க கேட்டத் தொறந்தீங்கன்னா அங்கிட்டு அது புட்டுக்கிருதுங்க."

ஐயனார் கோபித்துக்கொள்ளவில்லை. சோதித்துப் பார்த்துவிடுவது என்று இறங்கினார். அருணா மேஜையில், செவந்தி நடையில், ஐயனார் கேட்டுக்கு வெளியே. வலது காலை வைத்து உள்ளே வந்தார். "போயிருச்சு!" என்று நடையிலிருந்து குரல் வந்தது. கால் கழுவிக்கொண்டு வந்தார். போயிருச்சு. செருப்பு, பெல்ட், வாட்ச், செம்பு மோதிரம், கார் சாவி என்று ஒவ்வொன்றாகக் கழற்றித் திண்டில் வைத்துவிட்டு வந்தார். ஒவ்வொரு தடவையும் போயிருச்சு. நெற்றி நிறைய விபூதி பூசி வந்தார். கடைசியில் டிரைவிங் ஸ்கூல்காரருக்கே தோன்றக்கூடிய யோசனை ஒன்று தோன்றி, தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்தபடி ரிவர்ஸில் வந்தார். எதிர்வீட்டுக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். உடம்பிலிருந்த எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தவர், போனை மட்டும் ஒரு தடவைகூடக் கையை விட்டு வைக்கவில்லை. நெட் வருகிறதா போகிறதா என்று தானும் பார்த்துக்கொள்ள அது வேண்டியிருந்தது.

அரைஞாண் கொடியைத் தவிர இனிக் கழற்ற ஒன்றுமில்லை என்றான பிறகு ஐயனார் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். "அப்ப சாமானுல ஒண்ணும் இல்ல. நாந்தான்" என்றார். அருணா எழுந்து வந்து, "அப்பா, லூசு மாதிரி பேசாதீங்க. உள்ள வாங்க" என்றாள். அவர் வரவில்லை. ஊர் முழுக்க எட்டைத் தேடித் தேடி விரட்டிக்கொண்டிருந்தோம், அது நம் சட்டைக்குள்ளேயே இருந்திருக்கிறது என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றிலிருந்து மகள் வேலை பார்க்கும் நேரத்தில் அவர் வீட்டுக்குள் வருவதில்லை. காரில் உட்கார்ந்திருந்தார். முதலில் கேட்டுக்கு எதிரே நிறுத்தினார். அப்போதும் நெட் விட்டுவிட்டுப் போயிற்று. நாலு வீடு தள்ளி நிறுத்தினார், கொஞ்சம் தேவலை. புங்க மரத்தைத் தாண்டினார், இன்னும் தேவலை. கண்மாய்க்கரைக்கே கொண்டுபோய் நிறுத்தியபோது நெட் கல்லாக நின்றது. தன்னுடைய ராசியின் வீச்சு புங்க மரம் வரை என்று ஐயனார் கண்டுபிடித்தார். கரையில் போகிறவர்கள், "என்ன வாத்தியாரே, வெயில்ல வண்டிக்குள்ள ஒக்காந்துருக்கீங்க?" என்று கேட்டால், "இதமா இருக்கு" என்பார். வேர்வை கழுத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பாடம் படிக்க வருகிறவர்களையும் அங்கேயே வரச் சொல்லிவிட்டார். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஓட்டலாம், அவர் வீட்டுத் தெருப்பக்கம் மட்டும் ஓட்டக்கூடாது.

சோற்றுத் தூக்கோடு கண்மாய்க்கரைக்கு வந்த செவந்தி காரின் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து ஒங்க ராசிக்குள்ளதான் நான் குடியிருக்கேன். எனக்கு எது அந்துபோச்சு?" என்றாள். ஐயனார் சோற்றைப் பிசைந்துகொண்டே, "புள்ள என்னயத் தேடுதா?" என்று கேட்டார்.

"தேடாம? கதவுகிட்ட போயி ஒக்காந்துகிட்டு ஒங்க பழைய செருப்ப நக்குது."

ஐயனார் அதற்குமேல் சாப்பிடவில்லை. "அது இங்க இருந்தாப் போதும். நான் எங்கிட்டு இருந்தா என்ன?" என்றார். செவந்தி தன் பட்டன் போனில் அடைக்கலராஜைக் கூப்பிட்டாள். "தம்பி, ஒயரு நல்லாத்தான் இருக்கு. மனுசந்தான் பழுதாயிட்டாரு. வந்து என்னன்னு பாத்துட்டுப் போ."

அடைக்கலராஜ் ஏணியோடு வந்தார். கண்மாய்க்கரையில் விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஒரு தடவை ஜெபமாலையைத் தொட்டுக்கொண்டார். ஐயனாரை வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டு, தான் முன்னால் பைக்கில் போய் அருணாவின் மேஜையருகே நின்றார். வெள்ளைக் கார் தெருவுக்குள் நுழைந்தது. புங்க மரத்தைத் தாண்டியது. கேட்டருகே வந்து நின்றது. நெட் போயிற்று. அடைக்கலராஜ் மறுபடியும் ஜெபமாலையைத் தொட்டுக்கொண்டார். ஆனால் திரையின் மூலையில் வந்த குறிப்பை அருணா தட்டி மூடப் போகும்போது அவர் கையை நீட்டித் தடுத்தார். வாசித்தார். மறுபடியும் வாசித்தார்.

"இதே நம்பர்ல வீட்டுக்குள்ள இன்னொண்ணு இருக்குதாம்" என்றார்.

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். ஐயனார் கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தார். சட்டைப்பையில் போன்.

அடைக்கலராஜ் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "அண்ணே, ஒரே நம்பர்ல ரெண்டு வண்டி ரோட்டுல ஓடலாமா?"

"அதெப்படி ஓடும்? புடிச்சு உள்ள வச்சிருவான்" என்றார் ஐயனார், இதுகூடத் தெரியாதா என்ற தோரணையில்.

"அதத்தாண்ணே நீங்க செஞ்சு வச்சிருக்கீங்க. நீங்க உள்ள வந்தா ஒங்க போனு பதினேழு நாந்தாங்குது. கம்ப்யூட்டரு நாந்தாங்குது. ரெண்டும் அடிச்சுக்கிட்டுச் சாகுது. ராசியுமில்ல ஒண்ணுமில்ல." பிறகு தன்னையே நொந்துகொண்டார். "என்னயச் சொல்லணும். ஒங்ககிட்ட வந்து வண்டி நம்பர் மாதிரின்னு சொன்னேன் பாருங்க."

அருணாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்தபோது, கண்ணைத் துடைத்துக்கொண்டே, "என் நம்பர ஏம்ப்பா போட்டீங்க?" என்று கேட்டாள். "நல்ல நம்பரா இருந்துச்சு, ஆத்தா" என்றார் ஐயனார். கூடத்துக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பகல் வெளிச்சத்தில் தாத்தாவைக் கண்டு வெகுநாளான பேத்தி விழுந்தடித்துத் தவழ்ந்து வந்து வலது காலின் மேல் ஏறிக்கொண்டாள்.

ஐயனாரின் போனிலிருந்து பதினேழை எடுத்துவிட்டு, மோடம் தருகிற எண்ணை அதுவே வாங்கிக்கொள்ளும்படி விட்டார் அடைக்கலராஜ். அருணாவின் கம்ப்யூட்டர் உடனே உயிர்பெற்றது. போனும் ஓர் எண்ணை வாங்கிக்கொண்டது. அடைக்கலராஜ் அதைப் பார்த்துவிட்டுக் காட்டலாமா என்று யோசித்துப் பிறகு காட்டினார். காலியாகக் கிடந்த அந்த ஏழுதான் வந்திருந்தது.

"மாத்தீருவோம்ண்ணே. ஒங்களுக்கு எது புடிக்குதோ சொல்லுங்க, அதப் போட்டுட்டுக் கெளம்புறேன்."

ஐயனார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நா வேற எடுத்துக்கிட்டா இந்த ஏழு எங்கிட்டுப் போகும்?"

"அது எங்கிட்டும் போகாது. சும்மா கெடக்கும். அடுத்தாப்புல யாரு போனு வந்தாலும் எடுத்துக் குடுத்துரும்."

"யாருக்கு வேணாலுமா?"

"யாருக்கு வேணாலும்தான். மஸ்கட்லேருந்து மாப்பிள வந்தா அவருக்கு வரலாம். அக்கா புதுப் போன் வாங்குனா அக்காவுக்கு வரலாம். நாளப்பின்ன பாப்பாவுக்கே வரலாம்."

ஐயனார் செவந்தியைப் பார்த்தார். மேஜையில் முதுகைக் காட்டிக்கொண்டு நோய்களுக்கு எண் போட ஆரம்பித்துவிட்ட மகளைப் பார்த்தார். காலின் மேல் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த பேத்தியைப் பார்த்தார்.

"இதையே எனக்கு நெரந்தரமாப் போட்டுரு" என்றார்.

"அண்ணே, அது கூட்டுனா எட்டு."

"தெரியும். குடு, நானே போடுறேன்."

போனை வாங்கிக்கொண்டார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு, தடவித் தடவி அந்த இடத்துக்குப் போய், ஒற்றை விரலால் ஏழை அடித்தார். சேமிக்கிற இடத்தை விரல் தொட்டபோது வலது கால் தரையை முழு பலத்தோடு அழுத்தியது. பேத்தி கெக்கலித்துச் சிரித்தாள்.